பரோட்டா மாஸ்டரின் கை: முடக்குவாதம் என்று நான் எழுதிய ஒரு தொழுநோய்

இந்த நோயாளிக்கு முதலில் தவறான நோயின் பெயரைச் சொன்னவன் நான்தான். ஐந்து மாதம் அந்தப் பெயருக்கே மருந்தும் கொடுத்தேன். அதனால் வேறு யாரையும் குறை சொல்லாமல் இதை எழுத முடிகிறது. அவர் சம்மதம் தந்திருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த கதை

41 வயது ஆண். நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல் ஒன்றில் பதினெட்டு வருடமாகப் பரோட்டா மாஸ்டர். எங்கள் மருத்துவமனைக்கு வரும்போது மூட்டுவலி தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. இரண்டு மணிக்கட்டும், விரல்களின் அடி மூட்டும் நடு மூட்டும், கணுக்கால்களும் வீங்கியிருந்தன. காலையில் எழுந்ததும் கை மடங்காது, சரியாக ஒரு மணி நேரம் பிடிக்கும். மாவு பிசைவதையும் வீசுவதையும் உதவிக்கு இருந்த பையனிடம் விட்டுவிட்டு, கல் முன்னால் மட்டும் நின்றுகொண்டிருந்தார். இடையிடையே காய்ச்சல். ஊரில் ஒரு இடத்தில் ஊசி போட்டுக்கொண்டால் நாலைந்து நாள் சுகமாக இருக்குமாம், அப்புறம் பழையபடி.

"சிக்குன்குனியா வந்த உடம்பு சார், அதுலேர்ந்தே இப்படித்தான்" என்றார். எங்கள் பக்கம் மூட்டுவலிக்காரர்கள் நிறைய பேர் சொல்வது இது. 2006-ல் அந்தக் காய்ச்சல் ஊர் ஊராகப் படுக்க வைத்ததிலிருந்து, எந்த மூட்டு வலித்தாலும் பழி அதன் மேல்தான். ஆனால் இவருக்கு அது வந்தது அந்த வருடம், மூட்டு வீங்கியது இந்த ஏழு மாதமாக. கணக்கு ஒத்துவராததால் சிக்குன்குனியாவை ஒதுக்கினேன். அதுவரை சரியாகத்தான் யோசித்திருக்கிறேன்.

ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தேன். பதினான்கு மூட்டில் வலி, பத்தில் வீக்கம். வலப்பக்கம் இருந்தது இடப்பக்கமும் இருந்தது. ரத்தத்தில் முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் 64, எங்கள் ஆய்வகத்தின் எல்லை 20. அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 88. ஹீமோகுளோபின் 10.4. கை எக்ஸ்ரேயில் மூட்டு அருகே எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறைந்திருந்தது, எலும்பு அரித்துப்போயிருக்கவில்லை. முடக்குவாதத்தை இன்னும் துல்லியமாகக் காட்டும் சி.சி.பி. எதிர்ப்பொருள் பரிசோதனையை வெளியில் எடுக்க வேண்டும், செலவு அதிகம். ஆர்.ஏ. இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டேன். சீட்டில் 'முடக்குவாதம்', அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், என்று எழுதி, உடலின் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் 10 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம், ஹைட்ராக்சிகுளோரோகுயின், கூடவே மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்யத் தொடங்கும் வரை பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 10 மில்லிகிராம் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் சிரித்துக்கொண்டே வந்தார். வீக்கம் பாதி வடிந்திருந்தது. மருந்து கேட்டது, ஆகவே நோயும் அதுதான் என்று எனக்குத் தோன்றிய இடம் இது. கேட்டது பிரெட்னிசலோனுக்கு. அழற்சி எதுவானாலும் ஸ்டீராய்டு கொஞ்சம் அடக்கிவிடும், அது நோயின் பெயரைச் சொல்லாது. ஊரில் போட்ட ஊசிக்கு நாலு நாள் கேட்டதும் இதே சங்கதிதான்.

அடுத்த மாதங்களில் பிரெட்னிசலோனை 5-க்குக் கீழே கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் காய்ச்சலோடு மூட்டு திரும்ப வீங்கியது. மெத்தோட்ரெக்ஸேட்டை 15-க்கு ஏற்றினேன். நாலாவது மாதம் முன்கையிலும் தொடையிலும் சிவந்த கட்டிகள் வந்ததாகச் சொன்னார். நான் பார்க்கும்போது இரண்டு மூன்று மட்டும் மங்கலாக இருந்தன. முடக்குவாதக் கணுக்கள் என்று குறித்துக்கொண்டேன். இன்று அந்தக் குறிப்பைப் படித்தால் கூசுகிறது. முடக்குவாதக் கணு முழங்கை முனை போன்ற உரசும் இடங்களில் வரும், வலிக்காது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். இவருக்கு வந்தவை தொட்டால் வலித்தன, கூட்டமாக வந்தன, ஒரு வாரத்தில் மங்கிப் போய் வேறு இடத்தில் முளைத்தன. இதையெல்லாம் அவர் அன்றே என்னிடம் சொல்லியிருந்தார்.

வென்ஃப்ளான்

ஐந்தாவது மாதக் கடைசியில் 102 டிகிரி காய்ச்சலோடு வார்டில் சேர்ந்தார். முழங்கால் இரண்டும் வீங்கி, நடக்க முடியவில்லை. மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்து கிளம்பும்போது, மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் வென்ஃப்ளான் ஊசியைப் போட்ட வார்டு சிஸ்டர் கூப்பிட்டார். பணி ஓய்வுக்கு இரண்டு வருடமே இருந்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொழுநோய்ப் பிரிவில் இருந்தவர் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

"சார், இவருக்கு வென்ஃப்ளான் போடும்போது கைய இழுக்கவே இல்ல. ரெண்டு தடவ குத்த வேண்டியதாப் போச்சு, ரெண்டு தடவையும் ஜன்னலப் பாத்துட்டு இருந்தாரு. காது வேற தடிச்சாப்புல இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்."

திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஐந்து மாதமாகப் பார்த்த அதே முகம். நெற்றியும் கன்னமும் எண்ணெய் தேய்த்தது போல மினுமினுத்தன. கல் முன்னால் நிற்பவர் முகம் வேறு எப்படி இருக்கும் என்று நினைத்திருந்தேன். புருவத்தின் வெளிப்பக்கம் இரண்டிலும் முடி இல்லை. காது மடல்கள் தடித்து, அடியில் சின்னச் சின்ன முண்டுகள். மூக்கு அடைத்தே இருக்கிறதா என்று கேட்டதற்கு, "ரெண்டு வருஷமா சார், மாவு தூசு" என்றார்.

கையை நீட்டச் சொன்னேன். இடது சுண்டுவிரலின் ஓரத்தில் ஒரு கொப்புளம், உளுந்து வடை அளவுக்கு அல்ல, உளுந்து அளவுக்கு. பக்கத்திலேயே ஆறிப்போன பழைய தழும்புகள் நாலைந்து. இது எப்போது வந்தது என்று கேட்டேன்.

பரோட்டா சுடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்லிலிருந்து எடுத்ததும் நாலைந்தை அடுக்கி, சூட்டோடு இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் தட்டினால்தான் ஏடு ஏடாகப் பிரியும். ஆறிவிட்டால் பிரியாது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் தட்டிவிட்டுக் கையை உதறுவார்கள். "மொதல்லாம் சுடும் சார். இப்ப ஒரு மூணு வருஷமா சுடுறதே இல்ல. கை பழகிருச்சு" என்றார். சொன்ன விதத்தில் தொழில்காரரின் ஒரு பெருமிதம் இருந்தது. ஹோட்டலில் அவர் கையைக் காட்டித்தான் பையன்களுக்கு வேலை சொல்லிக் கொடுப்பார்களாம்.

பேனா முனையை எடுத்தேன். கண்ணை மூடச் சொல்லி, தொட்ட இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரலில் சரியாகக் காட்டினார். சுண்டுவிரலிலும் மோதிரவிரலின் பாதியிலும் ஒன்றுமே தெரியவில்லை, இரண்டு கையிலும். பாதத்தின் வெளி ஓரத்திலும் அப்படியே. முழங்கையின் உட்பக்கம் எலும்புக்குப் பின்னால் ஓடும் அல்நார் நரம்பைத் தடவினால் தாம்புக்கயிறு போலத் தட்டுப்பட்டது, அழுத்தியதும் முகம் சுளித்தார். தலையைத் திருப்பச் சொன்னால் கழுத்தின் பக்கவாட்டில் இன்னொரு நரம்பு தோலுக்கடியில் கோடாகத் தெரிந்தது. விரல்களுக்கிடையே ஒரு அட்டையை வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இழுத்தேன், இடது கையிலிருந்து சுலபமாக வந்துவிட்டது.

மூட்டு வலிக்கிறது என்று வந்த ஒரு கையை ஐந்து மாதமாக மூட்டு மூட்டாக அழுத்தியிருக்கிறேன். அந்த மூட்டின் மேலிருக்கும் தோலைத் தொட்டுப் பார்க்கவில்லை. அழுத்தினால் அவருக்கு வலித்தது. தொட்டால் தெரியவில்லை. இரண்டும் ஒரே விரலில்.

கிருமியும் கணக்கும்

அன்று மதியமே தோல் கீறல் பரிசோதனை செய்தோம். காது மடலை விரல்களால் இறுக்கிப் பிடித்து, ரத்தம் விலகி வெளுத்ததும், பிளேடு முனையால் சின்னதாகக் கீறி, உள்ளே சுரண்டி எடுத்ததைக் கண்ணாடியில் தேய்ப்பார்கள். ரத்தம் கலக்கக் கூடாது. ஜீல்–நீல்சன் சாயத்தில் சிவப்புக் குச்சிகள் தனித்தனியாக அல்ல, பந்து பந்தாக இருந்தன. கிருமி அளவெண் 5+. அதன் உச்சமே 6+தான். முன்கைக் கட்டியின் திசுப் பரிசோதனையில் கிருமி நிரம்பி நுரைத்த செல்களும், அவற்றைச் சூழ்ந்த நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களும். தொழுநோயை உடலின் எதிர்ப்பை வைத்துப் பிரிக்கும் ரிட்லி–ஜாப்ளிங் வகைப்பாட்டில், கிருமி மிக அதிகமாக இருக்கும் லெப்ரோமேட்டஸ் முனை. கட்டிகள், காய்ச்சல், மூட்டு எல்லாம் ரியாக்ஷன், கிருமிக்கு எதிராக உடல் திடீரென்று பொங்கும் அழற்சி. அதில் இரண்டாம் வகை, அதாவது ஈ.என்.எல்.

முழங்காலிலிருந்து எடுத்த நீர் மஞ்சளாகக் கலங்கியிருந்தது. செல் எண்ணிக்கை 14,000, பெரும்பாலும் நியூட்ரோஃபில். சாயத்திலும் வளர்ப்பிலும் சீழ்க்கிருமி இல்லை. இந்தக் காய்ச்சலோடு இப்படி ஒரு முழங்காலைப் பார்த்தால் சீழ் மூட்டா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். காலில் புண்ணோடு இருக்கும் தொழுநோயாளிக்கு அது வரக்கூடும். கடைசியில் சி.சி.பி.யும் எடுத்தோம், இல்லை என்று வந்தது. பால்வினை நோயான சிபிலிஸுக்குப் பார்க்கும் வி.டி.ஆர்.எல். லேசாகப் பாசிட்டிவ், உறுதிப்படுத்தும் பரிசோதனை நெகட்டிவ். இதையும் தொழுநோயில் எதிர்பார்க்கலாம். தெரியாமல் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்திருந்தால் வீட்டில் இன்னொரு பூகம்பம்.

ஆர்.ஏ. ஃபேக்டர் ஏன் பாசிட்டிவ் வந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், நான் விழுந்த குழி அதுதான். லெப்ரோமேட்டஸ் நோயாளியின் உடலில் கிருமியைக் கொல்லும் செல் வழி எதிர்ப்பு இருக்காது. ஆனால் எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும், எல்லாத் திசையிலும். அந்த வெள்ளத்தில் ஆர்.ஏ. ஃபேக்டர், ஏ.என்.ஏ., கார்டியோலிபின் எதிர்ப்பொருள் எல்லாம் மிதந்து வரும். ஆர்.ஏ. என்ற பெயரே வழிதவறச் செய்கிறது. காசநோய், கல்லீரல் சி வைரஸ், இதய வால்வுத் தொற்று, ஏன் வெறும் முதுமையிலும் அது பாசிட்டிவ் ஆகும். முடக்குவாதத்தைப் பிரித்துக் காட்ட சி.சி.பி. மேல், அதுவும் நூற்றுக்கு நூறு அல்ல.

மூட்டில் என்ன நடக்கிறது? மைக்கோபாக்டீரியம் லெப்ரே மிக மெதுவான கிருமி, ஒரு முறை பெருக ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும். உடலின் குளிர்ச்சியான பகுதிகள் அதற்குப் பிடிக்கும். காது மடல், மூக்கு, தோலுக்கு நெருக்கமாக ஓடும் நரம்புகள். கோடிக்கணக்கில் சேர்ந்த கிருமிகள் உடையும்போது வெளிவரும் பொருட்களும் அவற்றுக்கான எதிர்ப்பொருட்களும் பிணைந்து, ரத்தக்குழாய்ச் சுவரிலும் மூட்டுச் சவ்விலும் படிகின்றன. நியூட்ரோஃபில்கள் அங்கே போய்க் கொளுத்துகின்றன. தோலில் அது கட்டி, கண்ணில் உள்ளழற்சி, விரையில் வீக்கம், மூட்டில் மூட்டழற்சி. மருந்து தொடங்கிய பிறகுதான் ரியாக்ஷன் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இவருக்கு வந்தது போல, நோய் என்னவென்றே தெரியும் முன்பே மூட்டோடு வந்து நிற்பதும் உண்டு.

தொழுநோயில் மூட்டு வீங்குவது இந்த ஒரு வழியில் மட்டுமல்ல. முதல் வகை ரியாக்ஷனில், பழைய படை சிவந்து தடிக்கும்போது, கூடவே மூட்டும் வீங்கும். சிலருக்குப் புறங்கையும் புறங்காலும் பொதுபொதுவென்று ஊதி, தசைநாண் உறைகள் வீங்கி, விரல் மடங்காமல் போகும். இன்னும் சிலருக்கு எந்த ரியாக்ஷனும் இல்லாமல், முடக்குவாதத்தின் நகல் மாதிரியே வருடக்கணக்கில் இழுக்கும், தொழுநோய்க் கிருமிக்கான கூட்டு மருந்து முடிந்த பிறகும். இன்னொரு வகை வேறு சாதி. அதற்குக் கீழே வருகிறேன்.

எனக்குள் இன்னொரு காரணமும் இருந்தது. நான் படித்த காலத்தில் தொழுநோய் முடிந்துபோன பாடம். எங்களுக்கு முந்தைய தலைமுறை டாக்டர்கள் செங்கல்பட்டுத் திருமணி, வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிகளைக் கோயில் மாதிரிப் பேசுவார்கள். 1946-ல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோய்க் கையின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் அவர்களே காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று காட்டியது இந்த மண்ணில்தான். 2005 டிசம்பரில் இந்தியா பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழே என்ற அளவை எட்டியதும், 'ஒழிப்பு' என்ற சொல் எல்லோர் காதிலும் 'ஒழிந்தது' என்றே விழுந்தது. 2022-ல் உலகம் முழுக்கப் புதிதாகக் கண்டறியப்பட்ட சுமார் 1.74 லட்சம் பேரில் சுமார் 1.03 லட்சம் பேர் இந்தியாவில். பரோட்டா மாஸ்டரும் என் ஓ.பி.யில்தான் உட்கார்ந்திருந்தார்.

சிகிச்சை

மெத்தோட்ரெக்ஸேட்டையும் ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் நிறுத்தினோம். ஈ.என்.எல்.லுக்கு ஸ்டீராய்டோடு மெத்தோட்ரெக்ஸேட் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் உண்டு, ஆகவே அதை விஷம் என்று சொல்லவில்லை. ஆனால் கிருமிக்கு மருந்தே இல்லாமல் எதிர்ப்பை மட்டும் அடக்கிக்கொண்டிருந்தேன், தவறு அது. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிக்குப் பரிந்துரைத்திருப்பேன். அந்த ஊசி போட்ட பிறகு மறைந்திருந்த தொழுநோய் வெளியே வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

கூட்டு மருந்து, பெரியவர்களுக்கான மாத்திரை அட்டை, பன்னிரண்டு மாதம். மாதத்தில் முதல் நாள் சுகாதாரப் பணியாளர் முன்னால் ரிஃபாம்பிசின் 600, க்ளோஃபசிமின் 300, டாப்சோன் 100. மற்ற நாட்களில் டாப்சோன் 100, க்ளோஃபசிமின் 50. ஜி6பி.டி. என்ற நொதி குறைவாக இருந்தால் டாப்சோன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அதனால் அதன் அளவைப் பார்த்துவிட்டே டாப்சோனைத் தொடங்கினோம். ரியாக்ஷனுக்கும் நரம்புக்கும் சேர்த்துப் பிரெட்னிசலோன் 40 மில்லிகிராமில் தொடங்கி ஆறு மாதத்தில் குறைத்துவர முடிவு. ஸ்டீராய்டுக்கு முன் குடற்புழு மருந்து. கண் டாக்டரிடம் அனுப்பினோம், உள்ளழற்சி இல்லை.

முதல் டோஸ் விழுங்கும் முன், சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று சிஸ்டர் மூன்று தடவை சொன்னார். இதைச் சொல்லாமல் விட்டு, ரத்தம் போகிறது என்று ஓடிப்போனவர்களை அவர் பார்த்திருக்கிறாராம்.

பத்தே நாளில் முழங்கால் வடிந்தது. மணிக்கட்டு ஒரு மாதத்தில். இந்தத் தடவை ஸ்டீராய்டைக் குறைத்தபோதும் மூட்டு அமைதியாக இருந்தது, ஐந்தாவது மாதம் வரை. அப்போது 10 மில்லிகிராமுக்கு வந்திருந்தோம். திரும்பவும் காய்ச்சல், கட்டி, கணுக்கால் வீக்கம். அந்த மாத அட்டைக்கு அவர் வரவில்லை. சுகாதார ஆய்வாளர் வீட்டுக்கே போய்ப் பார்த்தால், இருபது நாளாக மாத்திரை அப்படியே இருக்கிறது. "மாத்திரை ஒத்துக்கல சார். மாத்திர சாப்டதுக்கப்புறம்தான் கட்டி கட்டியா வருது" என்றாராம்.

அவர் சொல்வதில் பாதி உண்மை என்பதுதான் சிக்கல். கிருமி செத்து உடைவதால்தான் ரியாக்ஷன். செத்த கிருமியைக் குப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள், கடையை மூடினாலும் குப்பை கொஞ்ச நாள் நாறும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "ராத்திரி கல்லு கழுவுற மாதிரி" என்றார். சரி, அப்படியும் வைத்துக்கொள்ளலாம். கூட்டு மருந்தைத் தொடரச் சொல்லி, ஸ்டீராய்டை 30-க்கு ஏற்றி, ரியாக்ஷனுக்காக க்ளோஃபசிமினை நாளுக்கு 300 ஆக்கினோம். மூன்று மாதம் அப்படி, பிறகு 200, பிறகு 100. தாலிடோமைடு பற்றியும் யோசித்தோம். 1960-களில் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற டாக்டர், தூக்கமில்லாமல் தவித்த ஈ.என்.எல். நோயாளிகளுக்குத் தூக்க மருந்தாகக் கொடுத்து, ரியாக்ஷனே அடங்கியதைக் கண்ட மருந்து அது. கருவைச் சிதைத்த அதே தாலிடோமைடுதான், ஆகவே ஆணுக்குக் கொடுத்தாலும் ஆணுறை கட்டாயம். கடைசியில் தேவைப்படவில்லை.

க்ளோஃபசிமின் தோலைக் கறுக்கச் செய்யும், செம்பும் கறுப்பும் கலந்த ஒரு நிறம். டாக்டர்கள் இதைப் பக்கவிளைவுப் பட்டியலில் கடைசியில் எழுதுவோம். அவருக்கு அதுதான் முதல் பிரச்சினை. ஹோட்டலுக்கு வருகிறவர்கள் எல்லாம் "என்ன மாஸ்டர், கல்லோட நிறத்துக்கே வந்துட்டீங்க" என்று கேட்டிருக்கிறார்கள்.

முதலாளியிடம் என்ன சொல்வது என்று என்னைக் கேட்டார். ரிஃபாம்பிசின் உள்ளே போன சில நாளிலேயே அவரால் அடுத்தவருக்குப் பரவும் வாய்ப்பு அனேகமாகப் போய்விடுகிறது. சாப்பாட்டால் இது பரவுவதில்லை. நீண்ட நாள் நெருங்கிப் பழகுவோருக்கு மூக்கு வழிச் சாரலில் போவது, அதிலும் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு இயல்பிலேயே எதிர்ப்பு உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஹோட்டலில் அந்தப் பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். "மூட்டுவாதம்னே சொல்லிக்கிறேன் சார், நீங்களே மொதல்ல அதத்தான எழுதுனீங்க" என்றார். என் தவறான சீட்டு ஒரு விதத்தில் அவருக்கு உதவியது.

மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் வரவழைத்து, நல்ல வெளிச்சத்தில் உடல் முழுக்கப் பார்த்தோம். யாருக்கும் படை இல்லை. மூவருக்கும் தடுப்புக்காக ஒரே ஒரு வேளை மட்டும் ரிஃபாம்பிசின், 2018-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த முறை. மனைவியின் அண்ணன் வெளியே நின்றிருந்தார். உள்ளே வந்து, "இதுக்கு வெட்டி விட்டுறலாம்னு சட்டம் இருக்காமே டாக்டர்?" என்று கேட்டார். இருந்தது. 2019 திருத்தத்தில்தான் தொழுநோயை விவாகரத்துக் காரணங்களிலிருந்து எடுத்தார்கள். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தம்மா, "அண்ணே, நீ வெளிய இரு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வலிக்காத கணுக்கால்

இந்த நிகழ்வுக்குப் பிறகு எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. அதில் சிக்கியவர்தான் இரண்டாமவர், 63 வயது, இளமையில் கூட்டு மருந்து முடித்து 'குணமானார்' என்று பதிவு நீக்கப்பட்டவர். வலது கணுக்கால் தேங்காய் போல வீங்கி, தொட்டால் சுட்டது. யூரிக் அமிலம் கொஞ்சம் கூட என்று கௌட் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். அந்த வீக்கத்துக்கு அந்த நடை பொருந்தவில்லை. எக்ஸ்ரேயில் கணுக்காலுக்குக் கீழே எலும்புகள் நொறுங்கி, ஒன்றோடொன்று இடம் மாறிக் கிடந்தன. நரம்பு செத்த மூட்டு, சார்கோ மூட்டு. மேலே வேறு சாதி என்று சொன்னது இதுதான். அழற்சி மருந்து எதுவும் இதற்கு உதவாது. காலுக்கு அச்சாகப் பொருந்தும் மாவுக்கட்டு, ஊன்றாமல் ஓய்வு, மாதக்கணக்கில். வலி இல்லாதவரை ஊன்றாமல் இருக்கச் சொல்வதைப் போலக் கஷ்டம் வேறில்லை. அவர் இரண்டு முறை கட்டோடு கழனிக்குப் போய்விட்டு வந்தார்.

பதினான்காவது மாதம்

பரோட்டா மாஸ்டர் பன்னிரண்டு அட்டையும் முடித்தார். நடுவில் விட்ட இருபது நாளையும் சேர்த்துப் பதிமூன்றாவது மாதம் முடிந்தது. ஸ்டீராய்டு நின்று இரண்டு மாதம் ஆகிறது. மூட்டு வீக்கம் இல்லை, காலையில் கை உடனே மடங்குகிறது. ஈ.எஸ்.ஆர். 24. காது மடல் ஸ்மியர் 4+. கிருமிகள் செத்துவிட்டாலும் உடல் அவற்றை அகற்ற வருடத்துக்கு ஒரு படி என்ற கணக்கில்தான் குறையும், ஆகவே இது எதிர்பார்த்ததே. ஆர்.ஏ. ஃபேக்டரைத் திரும்ப எடுக்கவில்லை.

வலது கையில் மோதிரவிரல் வரை உணர்வு திரும்பியிருக்கிறது. நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு கிடைத்தால் மீளும் வாய்ப்பு நன்றாக இருக்கும். இடது கை மூன்று வருடத்துக்கு முன்பே 'பழகிவிட்ட' கை. என் ஐந்து மாதத்தை அதற்கு மேல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கல் முன்னால்தான் இன்னும் நிற்கிறார். அடுக்கித் தட்டுவதை மட்டும் பையனுக்கு விட்டிருக்கிறார். தானே தட்ட நேர்ந்தால் கனத்த துணியைச் சுற்றிக்கொள்கிறார், அப்படித் தட்டினால் ஏடு சரியாகப் பிரிவதில்லை என்று குறை. ராத்திரி கடை மூடியதும் கையை விளக்கடியில் காட்டிப் பார்ப்பது மனைவியின் வேலை.

போன வாரம் தொடுவுணர்வு பார்க்கும் நைலான் இழையை எடுத்து, கண்ணை மூடச் சொன்னேன். கைக்கு, 2 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை. வலது உள்ளங்கையில் தொட்டதும் "ஆங்" என்றார். ஆள்காட்டி விரல், "ஆங்". மோதிரவிரல், கொஞ்சம் யோசித்து "ஆங்". இடது கைக்கு மாறினேன். சுண்டுவிரல் நுனிக்குப் பக்கத்தில் இழையைக் கொண்டுபோய், தொடாமல் அந்தரத்திலேயே நிறுத்தினேன்.

"ஆங்" என்றார்.

கண்ணைத் திறக்கவில்லை. அடுத்து எங்கே தொடப்போகிறேன் என்று காத்திருந்தார். கேஸ் ஷீட்டில் இடது சுண்டுவிரலுக்கு நேரே 'இல்லை' என்று எழுதிவிட்டு, அடுத்த விரலுக்குப் போனேன்.